நீல் தீவில் பிள்ளைகள் மீன் பார்த்த கதை

சேசு மரி சூசை துணை

பருத்திப்பட்டு, ஆவடி
சனிக்கிழமை காலை

அன்பு மகள் ஸ்டெஃபிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் தம்பி ரெனிஷும் நல்ல சுகம், உன் பிள்ளைகள் இரண்டும் தேவைக்கு அதிகமான சுகம், இதை எழுதும்போதே மொட்டைமாடியில் அவர்கள் குதிக்கிற சத்தத்தில் மின்விசிறி ஆடுகிறது. அந்த டப்ளின் குளிரிலும் நைட் ட்யூட்டியிலும் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க சகாய மாதாவை வேண்டிக்கொள்கிறோம். போனிலேயே சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ வார்டில் கேட்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறாய், நான் முதல் கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் ஜியா போனைப் பிடுங்கி, "அம்மா, ஆரோன் கடல்ல காணாம போயிட்டான்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள். அதற்கப்புறம் நான் சொன்ன எதுவும் உன் காதில் ஏறவில்லை. அவன் காணாமல் போகவில்லையம்மா. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், மாப்பிள்ளை பையில் வைத்து அனுப்புகிறேன், டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி.

நாகர்கோவிலில் அவங்க அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று மாப்பிள்ளை பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாரா, அன்றைக்கே ரெனிஷ் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பிள்ளைகளுக்கு இரண்டு, பெரியவர்களுக்கு இரண்டு என்று மாஸ்க்கும் குழாயும், பிள்ளைகள் அளவுக்கு மிதவைச் சட்டை. ஈஸ்டர் முடிந்ததும் அந்தமான் போகிறோம், கடலில் முகத்தை வைத்து மீன் பார்க்கப் போகிறோம் என்றான். உன் அம்மா, "இன்னாடா, மீன் பாக்க அம்மாந்தூரம் பிளேன்ல போவணுமா, ஆவடி மார்க்கெட்ல இல்லாத மீனா" என்றாள். ஆரோன் அதற்குள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு சோபாவில் குப்புறப் படுத்து நீந்த ஆரம்பித்துவிட்டான். எட்டு வயசுக்கு அவனுக்குப் பயம் என்பதே கிடையாது, அதுதான் எனக்குப் பயம். ஜியா மட்டும் அம்மா சேலைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். அங்கே நீச்சல் வகுப்பில் மூக்கில் தண்ணீர் ஏறினதிலிருந்து அவள் முகத்தை நனைப்பதில்லை என்றும், கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் நீ சொல்லியிருந்தாய் அல்லவா. ரெனிஷ் ஒரு வார்த்தை கட்டாயப்படுத்தவில்லை. மாஸ்க்கை டி.வி. பக்கத்தில் சும்மா வைத்துவிட்டான். மறுநாள் அவளே அதை மாட்டிக்கொண்டு கார்ட்டூன் பார்த்தாள். அதற்கு மறுநாள் மாஸ்க்கும் குழாயுமாக உட்கார்ந்து இட்லி கேட்டாள், குழாயைக் கழற்றாமல் இட்லி எப்படிச் சாப்பிடுவாய் என்று கேட்டதற்கு, "ஊஊ" என்று பதில் சொன்னாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் ஆமாம் என்று சொல்வதில்லை, ஊஊதான்.

மொட்டைமாடியில் துணி ஊறவைக்கிற பெரிய டப்பில் தண்ணீர் நிரப்பி, அடியில் ஸ்பூனும் பொம்மையும் போட்டு, மேலிருந்து பார்க்கப் பழகினார்கள். அப்புறம் மேனாம்பேட்டில் ஒரு நீச்சல் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றான் ரெனிஷ். உன் அம்மா, "ஈஸ்டருக்கு முன்னாடி பெரிய வாரத்துல நீச்சலா, பங்கு சாமியார் பாத்தா இன்னா நெனைப்பாரு" என்றாள், நான் சாமியார் குளத்துக்கு வரமாட்டார் என்று சொல்லிச் சமாளித்தேன். அங்கே போனதும் ஜியா தண்ணீர் ஓரத்தில் நின்றுகொண்டு தாத்தா செய்தால் நான் செய்கிறேன் என்றாள். எனக்கு நீச்சல் தெரியாது என்று உனக்குத் தெரியும். தொழிற்பேட்டையில் கிரேன் ஓட்டின காலத்தில் அவ்வளவு உயரத்தில் பயமில்லாமல் உட்கார்ந்து பீடிக்கட்டைத் தேடினவன், இடுப்பளவுத் தண்ணீரில் நடுங்கினேன். சுற்றிலும் ஐ.டி. கம்பெனிப் பையன்கள், நடுவில் நான் தொப்பையும் மாஸ்க்குமாக. முகத்தைத் தண்ணீரில் வைத்தேன், வாயால் மூச்சு விட்டேன், சாகவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஜியாவும் பக்கத்தில் முகத்தை வைத்திருக்கிறாள். நான் போட்ட கூச்சலில் நீச்சல் மாஸ்டர் விசிலோடு ஓடிவந்தார்.

அங்கேதான் ஒரு விஷயம் தெரிந்தது. சிரித்தால் மாஸ்க்குக்குள் தண்ணீர் வரும். கன்னம் மடிகிறதா, அந்த மடிப்பு வழியாக உள்ளே வந்துவிடுகிறது. முடி ஒரு கற்றை மாட்டிக்கொண்டாலும் அப்படித்தான். முடியை ஒதுக்கிவிடலாம், உன் பிள்ளைகளின் சிரிப்பை எங்கே ஒதுக்குவது. ஜியா என்னைப் பார்ப்பாள், சிரிப்பாள், தண்ணீர் வரும், எழுந்து துடைப்பாள், மறுபடி என்னைப் பார்ப்பாள். தண்ணீர் வந்தால் பதறக் கூடாது, அப்படியே மல்லாந்து கையைக் காலை விரித்துப் படுத்துவிடு, சட்டை உன்னைத் தூக்கி வைத்துக்கொள்ளும் என்று ரெனிஷ் திரும்பத் திரும்பப் பழக்கினான். ஆரோன் ஒரு தடவை செய்துவிட்டு இது பாப்பாங்களுக்கு என்று போய்விட்டான். ரெனிஷ் விடவில்லை, பத்துத் தடவை செய்தால்தான் ஐஸ்கிரீம் என்றான்.

ஈஸ்டர் முடிந்த வாரம் புறப்பட்டோம். பிளேனில் ஒன்றும் ஆகவில்லை, கப்பலில்தான் உன் அம்மா எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே கண்ணைத் திறக்காமல் நீல் தீவு வரை வந்தாள். அந்தக் கடலை எப்படி எழுதுவேன் ஸ்டெஃபி. கண்ணாடித் தம்ளரில் சொட்டு நீலம் விட்ட மாதிரி, கரையில் நின்றாலே கால் நகம் தெரிகிறது. பிள்ளைகள் அப்போதே குதிக்கத் தயார். கரையில் ஒரு ஆள் வந்து உடனே படகில் ஏறுங்கள், நானே எல்லாம் தருகிறேன் என்று அவசரப்படுத்தினான். அவன் கொடுத்த மிதவைச் சட்டையை ஜியாவுக்குப் போட்டு ரெனிஷ் தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான், சட்டை மட்டும் காது வரைக்கும் மேலே வந்தது, பிள்ளை அடியில் நின்றாள். அதோடு மத்தியானமாகிக் காற்றும் எழுந்து அலை பொங்க ஆரம்பித்தது. இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஆரோன் மணலில் உருண்டு அழுதான். நானும் மனசுக்குள் கொஞ்சம் உருண்டேன், ஆனால் உன் தம்பி செய்தது சரி.

மறுநாள் விடிந்ததும் கடல் தட்டில் ஊற்றின எண்ணெய் மாதிரி கிடந்தது. பிரசன்னா என்று ஒரு பையன் துணைக்கு வந்தான், அந்தமானிலேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை, எனக்கு ஒரு மிதவைச் சட்டையும், பிடித்துக்கொண்டு மிதக்க ஒரு பெரிய வளையமும் கொண்டுவந்தான். பிள்ளைகளுக்கு முழுக்கை நீச்சல் சட்டை, முட்டிக்குக் கீழே வரை கால்சட்டை, அதன் மேல் நாம் கொண்டுபோன மிதவைச் சட்டை, அது மேலே ஏறாமல் கால் நடுவே ஒரு பட்டை. முகத்துக்கும் கழுத்துக்கும் கிரீம். மாஸ்க்கில் மூச்சு பட்டு ஆவி படியாமல் இருக்க ஜியாவின் பேபி ஷாம்பூவை ஒரு சொட்டு தடவி அலசினான் ரெனிஷ். ஆளுக்கு ஒரு பிள்ளை, கை எட்டும் தூரத்தை விட்டுப் போகக் கூடாது, பவழத்தைத் தொடவோ மிதிக்கவோ கூடாது, குளிர்ந்தால் உடனே கரை என்று பேச்சு. ரெனிஷோடு ஆரோன், என்னோடும் பிரசன்னாவோடும் ஜியா, மூவரும் ஒரே வளையத்தில். உன் அம்மா கரையில் துண்டு, வாழைப்பழம், ஃபிளாஸ்க், ஜெபமாலையோடு உட்கார்ந்தாள்.

முகத்தை உள்ளே வைத்தேன். எனக்கு நேர் கீழே, கை நீட்டினால் படும் தூரத்தில், மஞ்சளும் கறுப்புமாக ஒரு கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வருகிற ஜனம் மாதிரி நின்றுகொண்டிருந்தது. பச்சையும் ரோஸுமாக ஒரு மீன் பவழத்தைக் கடித்துத் தின்றது, அந்தச் சத்தம் எனக்குக் கேட்டதம்மா, முறுக்கு கடிக்கிற மாதிரி நறுக் நறுக்கென்று. ஜியா குழாய் வழியே ஊஊ ஊஊ என்று ஊதிக்கொண்டே இருந்தாள். நானும் ஊதினேன். பிரசன்னா எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "மீனெல்லாம் பயந்து ஓடப்போகுது அங்கிள்" என்றான்.

இப்போது நீ பயந்த இடத்துக்கு வருகிறேன். ரெனிஷின் மாஸ்க் பட்டை நழுவியது, அதைச் சரி செய்ய அவன் ஒரு கையைத் தலைக்குக் கொண்டுபோனான். அந்த நேரம் பார்த்து ஆரோனுக்குக் கீழே ஒரு ஆமை போனது. தாம்பாளம் அளவு ஆமை. ஆரோன் கையை உதறிவிட்டு அதன் பின்னாலேயே கால் அடித்துப் போய்விட்டான். ஜியாதான் பார்த்தாள், என் கட்டைவிரலைப் பிடித்து முறுக்கினாள். நான் நிமிர்ந்தபோது அவன் நம் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை தூரத்தில் கையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தான், மாஸ்க் நெற்றிக்கு ஏறியிருந்தது. ஆமையைப் பார்த்துச் சிரித்திருக்கிறான், தண்ணீர் நிரம்பிவிட்டது, இழுத்துக் கழற்றி ஒரு வாய் குடித்தும்விட்டான். நான் வளையத்தை விடப் போனேன், பிரசன்னா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போனா ரெண்டு பேரைத் தூக்கணும்" என்றான். ரெனிஷ் அதற்குள் பாய்ந்துவிட்டான். நான் அங்கிருந்தே, "ஆரோனு, மல்லாக்க படுறா" என்று கத்தினேன். கேட்டதோ, பழகின பழக்கம்தானோ தெரியாது, அவன் கையடிப்பதை நிறுத்திவிட்டு அப்படியே மல்லாந்தான். கை விரிந்தது, கால் விரிந்தது, சட்டை அவனைப் பூ மாதிரி மேலே வைத்துக்கொண்டது. இருமிக்கொண்டே வானத்தைப் பார்த்தபடி மிதந்தான். ரெனிஷ் போய்த் தொடும்போது அவன் சொன்ன முதல் வார்த்தை, "மாமா, ஆமை எங்க போச்சு". அவ்வளவுதான் ஸ்டெஃபி. கரையில் உட்கார்ந்து வாந்தி இல்லை, மூச்சிரைப்பு இல்லை, இருமலும் நின்றுவிட்டது என்று அன்று முழுக்க ரெனிஷ் கவனித்துக்கொண்டே இருந்தான், தண்ணீர் குடித்த பிள்ளைக்கு என்னென்ன கவனிக்கவேண்டும் என்று ராத்திரி உன்னிடம் போனில் பொதுவாகக் கேட்டதும் அதனால்தான்.

ஆனால் கரைக்கு வந்த பிறகுதான் ஆரோனுக்கு உதறல் எடுத்தது. துண்டைப் போர்த்திக்கொண்டு உன் அம்மா மடியில் முகத்தைப் புதைத்தவன் இனிமேல் போகமாட்டேன் என்றான். யாரும் வா என்று கூப்பிடவில்லை. ரெனிஷ் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கையை எடுத்தது என் தப்பு, இனிமேல் என் மாஸ்க் போனாலும் உன் கையை விடமாட்டேன் என்றான். அப்போது ஜியா வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் எதிரே உட்கார்ந்தாள். மீன் பவழத்தைத் தின்றதைச் சொன்னாள், நறுக் நறுக்கென்று செய்து காட்டினாள், ஆரஞ்சு மீன் ஒன்று பூவுக்குள்ளிருந்து வந்து தாத்தா மூக்கை முறைத்ததைச் சொன்னாள். நீ பாக்கவேயில்ல, நீ ஆமை பின்னாடி போயிட்ட, நான் உனக்கு எல்லாத்தையும் காட்றேன் என்றாள். முகம் நனைக்கப் பயந்த பிள்ளை அவன் விரலைப் பிடித்து எழுப்பினாள். இந்தத் தடவை நாங்கள் நாலு பேரும் ஒரே வளையம், பிரசன்னா பக்கத்தில் நீந்தி வந்தான். கொஞ்ச நேரம்தான், ஆரோனின் உதடு வெளுத்ததும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம், ஆனால் அந்தக் கொஞ்ச நேரமும் குழாய்கள் நாலும் ரயில் இன்ஜின் மாதிரி ஊதின.

இன்னும் முடியவில்லை. பிள்ளைகள் துடைத்துக்கொண்டு உட்கார்ந்ததும், ஜெபமாலையை மடித்துப் பையில் வைத்துவிட்டு உன் அம்மா எழுந்தாள். "இன்னாங்க, அத்த இங்க குடுங்க" என்று என் மாஸ்க்கைக் கேட்டாள். நைட்டிக்கு மேல் என் மிதவைச் சட்டை, கொண்டையை அவிழ்த்து ஜியா பின்னிவிட்டாள், முடி மாட்டாமல் ஆரோன் சரிபார்த்தான், ரெனிஷும் பிரசன்னாவும் ஆளுக்கொரு கை பிடித்தார்கள். முழங்கால் தண்ணீரில் மாதாவே என்றாள், இடுப்புத் தண்ணீரில் மாதாவே என்றாள், அப்புறம் முகத்தை உள்ளே வைத்தாள். அதன் பிறகு சத்தமே இல்லை. ரெனிஷ் கூப்பிட்டான், நிமிரவில்லை. நான் கரையிலிருந்து கூப்பிட்டேன், ஒரு கையைத் தண்ணீருக்கு மேலே எடுத்துச் சும்மா இரு என்று ஆட்டினாள். பிள்ளைகள் பசி என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் கரையேறினாள். முகத்தைச் சுற்றி மாஸ்க் வட்டம் சிவந்திருக்க, மூச்சு வாங்க என் எதிரே நின்று என்னைத் திட்டினாள். "வருசா வருசம் வேளாங்கண்ணிக்குப் போயி கால நனைச்சிகினு வந்தோமே, அடியில இம்மாம் கீதுன்னு ஒருத்தரும் சொல்லலியே!"

வெயிலில் பிள்ளைகளுக்கு ஒரு கொப்புளம் கூட இல்லை. குப்புற மிதந்ததில் வெந்தது என் பின்னங்கால் இரண்டும் தலை வழுக்கையும்தான், ஒருக்களித்து உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அங்கே கடல் குளிரும், பிள்ளைகள் அடம்பிடித்தால் குளத்தோடு நிறுத்து, அடுத்த வருஷம் நீயும் மாப்பிள்ளையும் லீவு போட்டு வாருங்கள், எல்லாரும் ஒரே வளையத்தைப் பிடிப்போம். ட்யூட்டி முடிந்து பட்டினியாகப் படுக்காதே, இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்காதே, நர்ஸுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். மாப்பிள்ளை பையில் வஞ்சிர ஊறுகாய் இரண்டு பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டியிருக்கிறது, வந்ததும் நிமிர்த்தி வை. உன்னையும் மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக, மாதா உங்கள் வாசலில் நிற்பாளாக.

என்றும் உன் நினைவாக
அப்பா இக்னேஷியஸ், அம்மா சகாயம்மாள்