முப்பத்தெட்டாம் பக்கம்

மார்ச் 4

என் திட்டத்தை இன்று நகர மன்றத்தில் இன்னொருவர் வாயால் கேட்டேன். மூடிக் கிடக்கும் பிஸ்கட் தொழிற்சாலையை மென்பொருள் கம்பெனிகளுக்குக் கொடுப்போம், ஊர்ப் பிள்ளைகளை ஊரிலேயே நிறுத்துவோம் – எல்லாம் நான் எழுதியது. படித்தவர் தொழில் வளர்ச்சி அதிகாரி. அட்டையில் அவர் பெயர். கட்டிடம் மொத்தமும் தலைநகரிலிருந்து வரும் ஒரு பெரிய கம்பெனிக்காம்.

மூன்று மதியம் அவர் அறையில் உட்கார்ந்து வரி வரியாக விளக்கினேனே! தலையாட்டிக்கொண்டே இருந்தார். இனி அவருக்கு இந்த நோட்டில் தலையாட்டி என்றே பெயர். தாழ்வாரத்தில் மடக்கிக் கேட்டேன். "ஊருக்கு நல்லதுதானே மேடம்? யார் எழுதினா என்ன?" என்றார்.

மார்ச் 5

வயிறு எரிகிறது. வேறொன்றும் எழுத வரவில்லை.

மார்ச் 9

தீர்மானத்தின் நகல் கிடைத்தது. அப்படியே என் நாற்பது பக்கம். பின்கட்டுப் படிக்கட்டில் மூன்றாவது படி உடைந்திருப்பதாக நான் குறித்திருந்ததுகூட அப்படியே இருக்கிறது. அந்த மனுஷன் ஒருநாளாவது அந்தப் படியில் ஏறியிருப்பானா?

முப்பத்தெட்டாம் பக்கமும் இருக்கிறது. அங்கே என் நிபந்தனை: ஓராண்டுக்குள் ஊர்க்காரர்கள் அறுபது பேர் அங்கே வேலை செய்ய வேண்டும். சொல்லாமல் போய் எண்ண வேண்டும். குறைந்தால் கட்டிடம் உள்ளூர்ச் சிறு கம்பெனிகளின் சங்கத்துக்கு, எண்ணிய நாளிலிருந்து அதே ஓராண்டு நிபந்தனையோடு. சங்கத் தலைவி நான். கடைசிவரை படிக்காமலே தலையாட்டி நகலெடுத்திருக்கிறார். மன்றமும் கையைத் தூக்கி நிறைவேற்றிவிட்டது.

நான் சிரித்த சிரிப்பில் கீழே கடை வைத்திருக்கும் சைக்கிள் கடை அண்ணன் மாடியேறி வந்துவிட்டார். "என்னம்மா ஆச்சு, யாராவது பொட்டுனு போயிட்டாங்களா?"

இன்னும் இல்லை அண்ணே. ஒரு வருஷம் ஆகும்.

ஜூன் 20

கம்பெனி திறந்துவிட்டார்கள். காலையில் தலைநகரிலிருந்து மூன்று வேன் நிறைய ஆட்கள் வருகிறார்கள், மாலையில் திரும்பிப் போகிறார்கள். என்னிடம் புரோகிராமிங் படித்தவர்கள் பன்னிரண்டு பேர் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது என் தங்கைக்கு மட்டும், அதுவும் வாசலில் வருகிறவர்கள் பெயரை எழுதும் வேலை. பல் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதியவள் அவள்!

இருக்கட்டும். தினமும் எண்ணிவந்து சொல் என்றேன்.

"நான் வேலைக்குப் போறேனா, வேவு பார்க்கப் போறேனாக்கா?"

"ரெண்டுக்கும்தான்டி."

நவம்பர் 2

கடைவீதியில் தலையாட்டி. "உங்கள மாதிரி சின்னவங்களுக்கும் ஒரு காலம் வரும் மேடம். பொறுமையா இருங்க." பொறுமையாகத்தான் இருக்கிறேன் என்றேன். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராமலா போகும்?

மார்ச் 6

மன்றத் தலைவரிடம் போன வாரம் மனு கொடுத்தேன். இன்று எண்ணினார்கள். தலையாட்டியையும் கூட்டிப் போனார்கள், நானும் போனேன். ஊர்க்காரர்கள் பத்தொன்பது பேர்.

தலையாட்டி முப்பத்தெட்டாம் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இது எப்ப எழுதினது?" என்றார். இந்த ஒரு கேள்விக்காக வருடம் முழுவதும் காத்திருந்தேன்.

"நீங்கதானே சார் எழுதினீங்க? அட்டையில உங்க பேர் இருக்கே!"

மன்றத் தலைவரே சிரித்துவிட்டார். தலையாட்டியின் தலை ஆடவில்லை. இன்று இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 20

சாவி என் கையில். தலையாட்டியைப் பதவி இறக்கி, ஆள் எண்ணும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்க உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் கேட்டைப் பூட்டும்போது ஒரு பெண், சாப்பாட்டு டப்பாவைக் கட்டிப் பிடித்தபடி நின்றாள். கம்பெனி போனதில் வேலை போனவள். "அந்தப் பத்தொன்பது பேர்ல நானும் ஒருத்தி. எங்கள எண்ணத்தான் வந்தீங்களா மேடம்?"

ஏழு பேருக்குத்தான் எங்களால் வேலை தர முடிந்தது. அவள் அதில் இல்லை. நானா அவர்களைத் துரத்தினேன்? கம்பெனிதானே போயிற்று? – சும்மா சொல்லிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 14

ஐந்து சிறு கம்பெனிகள், முப்பத்தொரு பேர். மூன்றாவது படியைச் சரிசெய்தாயிற்று.

பிப்ரவரி 26

நாற்பத்திரண்டு. அதற்குமேல் நகரவே மாட்டேன் என்கிறது. அறுபது என்ற எண்ணை எங்கிருந்து பிடித்தேன்? அன்றிருந்த தெம்பில் எழுதிவிட்டேன்.

மார்ச் 5

நாளைக்கு எண்ண வருகிறார்களாம், மன்ற எழுத்தர் காதில் போட்டார். இடம் போனால் நாற்பத்திரண்டு பேரும் தெருவில். பதினெட்டு பேரை வந்து உட்காரச் சொல்லிவிட்டேன். சைக்கிள் கடை அண்ணன், பல் மருத்துவமனை நர்ஸ், யார் யாரோ. திரையைப் பார்த்துக்கொண்டு எதையாவது தட்டுங்கள், போதும்.

தங்கை உதவ மாட்டேன் என்றுவிட்டாள். "அந்தக் கம்பெனிக்காரங்ககூட இதைச் செய்யலக்கா."

"அவங்களுக்குத் தேதி தெரியலடி, அதான்!" என்று கத்தினேன். கத்தியிருக்க வேண்டாம்.

மார்ச் 6

தலையாட்டி தனியாக வந்தார். கையில் என் திட்டம், ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. இந்த முறை கடைசிப் பக்கம்வரை படித்திருக்கிறார்.

நிதானமாக ஒவ்வொரு நாற்காலியாக எண்ணினார். அறுபது. திரும்பி வந்து சைக்கிள் கடை அண்ணனின் நாற்காலி அருகே நின்றார். அண்ணன் விரல் இடுக்கெல்லாம் கிரீஸ் கறுப்பு. "என்ன வேலை பாக்குறீங்க?" அண்ணன் என்னைப் பார்த்தார். அறுபது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

தலையாட்டி முப்பத்தெட்டாம் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"இதை எழுதினது நீங்கதானே மேடம்?"

இரண்டு வருடமாக அந்த வாயிலிருந்து கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. ஆமாம் என்றேன்.

மெல்லத் தலையாட்டினார்.