உன் அம்மாவோடு நடக்கிறவர்

அன்பு மகள் பட்டாணிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், கடை நலம், தையல் மெஷினுக்குப் புது பெல்ட் மாட்டியதில் அதுவும் நலம். உன் அம்மா எங்கள் எல்லோரையும்விட நலம், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. நீயும் மாப்பிள்ளையும் நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய், அந்த வார்த்தையை இனிமேல் நான் அப்படியே நம்புவதாக இல்லை, காரணம் கீழே வருகிறது. சிரிக்காமல் படி. உன் அப்பாவுக்குப் பேரன் எடுக்கிற வயதில் பொறாமை வந்திருக்கிறது. சாதாரணப் பொறாமை இல்லை, ராத்திரிச் சாப்பாடு இறங்காத அளவுக்கு வயிற்றெரிச்சல்.

முட்டி வலிக்கு நடக்கச் சொன்னார் டாக்டர் என்று உன் அம்மா ஆரம்பித்தது உனக்குத் தெரியும். பூங்காவை நாலு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடுவாள் என்றுதான் நானும் நினைத்தேன். இப்போது என்னடாவென்றால் ஞாயிறு விடிந்ததும் ஒரு கும்பலோடு கிளம்பி, ஏரி, அணை, மலைக்கு அந்தப்புறம் என்று போய்விட்டுப் பொழுது சாயத்தான் வீடு திரும்புகிறாள். பஸ் போகிற ஊருக்கு நடந்து போகிறார்கள், போன இடத்தில் ஒரு வேலையும் இல்லை, திரும்பி வரும்போது பஸ்ஸில் வருகிறார்கள். இதற்குப் புத்தி சுவாதீனம் உள்ளவர்கள் என்ன பெயர் வைப்பார்கள் என்று நீயே சொல். கால் விரல் இடுக்கிலெல்லாம் வாஸலின் தடவிக்கொள்கிறாள். சாக்ஸை உள்புறம் வெளியே வருகிற மாதிரி திருப்பிப் போடுகிறாள், கேட்டால் தையல் விரலில் உறுத்தாதாம், தையல்காரனிடமே சொல்கிறாள். எவ்வளவு தூரம் போனீர்கள் என்றால் கிலோமீட்டரில் பதில் வராது, மூன்று டீ தூரம் என்பாள், வழியில் டீ குடிக்க நின்றதுதான் கணக்கு. பாரம் குறையட்டும் என்று பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியைப் பாதியாக வெட்டினாள், அதே பையில் கும்பல் முழுவதற்கும் ஆரஞ்சுப் பழம் மட்டும் மூட்டையாகப் போகிறது. திரும்பி வந்து காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் முகத்தில் ஒரு களை வருகிறது பார், என்னோடு இருந்த வருஷங்களில் அந்தக் களையை நான் பார்த்ததில்லை. என் காலும் ஆயுசு முழுக்க ஓடித்தான் இருக்கிறது, ஆனால் எல்லாம் மெஷின் பெடல் மேல், ஒரே இடத்தில்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். பொறுக்காதது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். நம் தெருமுனையில் கடை வைத்திருக்கிறாரே, மனைவியை இழந்தவர், ஒல்லியாக உயரமாக, அவர்தான். கும்பலில் இரண்டிரண்டு பேராகத்தான் நடப்பார்கள், உன் அம்மாவுக்கு ஜோடி அவர். ஒருநாள் அவர்கள் கிளம்பும்போது கடை வாசலில் நின்று பார்த்தேன். இவர்கள் பையில் தண்ணீர் பாட்டில் வைக்கிற இடம் பின்பக்கத்து ஓரத்தில் இருக்கிறது, மாட்டியிருக்கிறவர் கைக்கு அது எட்டாது. அதனால் கூட நடக்கிறவர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும், குடித்ததும் வாங்கித் திரும்ப வைக்க வேண்டும், அது அவர்களுக்குள் ஒரு பழக்கம். உன் அம்மா வாய் திறந்து கேட்கக்கூட இல்லை, லேசாகத் தோளைச் சாய்த்தாள், அவர் எடுத்துக் கொடுத்தார். வீட்டில் நான் தாகம் என்று மூன்று தடவை கத்தினால்தான் ஒரு டம்ளர் வரும்.

அன்றைக்கு ராத்திரியே அவள் பையைப் பிரித்தேன். தைக்கத் தெரிந்தவன் வேறு என்ன செய்வான். பாட்டில் பையைப் பின்னாலிருந்து கழற்றி, முன்பக்கத் தோள்பட்டையில், இடது கை எட்டுகிற இடத்தில், இரட்டைத் தையல் போட்டு வைத்துவிட்டேன். இனிமேல் யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டாம் பார் என்று உள்ளுக்குள் ஒரே குஷி. அது வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக முடிந்தது. அந்த ஞாயிறு கும்பல் முழுவதும் பையைப் பார்த்து மூக்கின் மேல் விரல் வைத்ததாம். அடுத்த வாரம் ஆளாளுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள், முதல் ஆளாக வந்தது கண்ணாடிக்காரர்.

வந்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என் தையலை வாய் ஓயாமல் புகழ்ந்தார். அப்புறம், "பொண்ணுக்குக் கழுத்துல ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு, அது சும்மாக் கட்டிதான்னு ரிப்போர்ட் வந்ததுக்கு அப்புறம்தான் சார் எங்க எல்லாருக்கும் உயிரே வந்துச்சு" என்றார். எங்க எல்லாருக்கும். என் வாயில் குண்டூசி கவ்வியிருந்தேன், அது நல்லதாகப் போயிற்று, தலையை மட்டும் ஆட்டினேன். அவர் போன பிறகு கத்தரியை எடுத்தவன் எதை வெட்ட வந்தேன் என்று தெரியாமல் நின்றேன். போன மாதம் வீடியோவில் கழுத்தைச் சுற்றித் துணி போட்டுக்கொண்டு பேசினாயே, துணி நன்றாக இருக்கிறது, என்ன ரகம் என்று கேட்டேன் நான். பட்டு கலந்தது அப்பா என்று நீ சொன்னாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு தாயும் மகளும் என்னிடம் துணி ரகம் பேசியிருக்கிறீர்கள். உனக்குக் கத்தி வைத்த சேதி ஒரு கண்ணாடிக் கடைக்காரருக்குத் தெரியும், ஆரஞ்சு தின்கிற கும்பலுக்குத் தெரியும், பெற்றவனுக்குத் தெரியாது. பட்டாணி, அன்றைக்கு எனக்கு வந்ததற்குப் பொறாமை என்ற பேர் போதாது.

வீட்டில் கேட்டால் உன் அம்மா சமாளித்துவிடுவாள். நடந்தால்தான் அவள் வாய் திறக்கும் என்றால் நானும் நடக்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை முன்னால் போய் நின்றேன், உன் கல்யாணத்துக்கு வாங்கிய பளபள ஷூவைப் போட்டுக்கொண்டு. யாரும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் அவமானம். ஒரு டீ தூரம் தாண்டுவதற்குள் குதிகாலில் கொப்புளம். கண்ணாடிக்காரரே மண்டி போட்டு உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டிவிட்டார். பிறகு உன் அம்மாவிடம், "நீங்க சார்கூட வாங்க, நாங்க மெதுவா முன்னால போய்க்கிட்டு இருக்கோம்" என்று சொல்லிவிட்டு மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த மனுஷன் நல்லவராக இருப்பதுதான் எனக்குக் கோபம், கெட்டவராக இருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருக்கும்.

நொண்டிக்கொண்டே கேட்டேன், அவரிடம் சொன்னாயே, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று. அவள் சொன்னாள், "உங்ககிட்ட எதைச் சொன்னாலும் என் மூஞ்சியவே பாப்பீங்க. உங்க மூஞ்சி வெளிறிப் போகும். அப்புறம் பொண்ணை விட்டுட்டு நான் உங்களைத் தேத்தணும். அவரு ரோட்டைப் பாத்துக்கிட்டு 'ம்' போடுவாரு, அவ்வளவுதான்". ரிப்போர்ட் வராத அந்த வாரம் அணைக்கட்டு முழுக்க அழுதுகொண்டே நடந்தாளாம், அவர் ஒன்றும் கேட்காமல் நடையை மட்டும் குறைத்துக்கொண்டாராம். அதே நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பட்டன் வைக்கக் கொடுத்தவர்கள் சட்டையை வாங்கிக்கொண்டு போனார்களா என்று என்னிடம் கேட்டாள், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அதற்கு மேல் நான் ரோட்டைத்தான் பார்த்தேன். அவள் ஆஸ்பத்திரி, டாக்டர் சொன்னது, நீ பயந்து போனில் அழுதது எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். நடுவில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கக் கழுத்து தவித்தது, பார்க்கவில்லை, 'ம்' மட்டும் போட்டேன். அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் டீ குடித்து முடித்திருந்தார்கள். பொறாமை போய்விட்டதா என்று கேட்டால் போகவில்லை. இனி ஞாயிறுதோறும் நானும் போகிறேன், அவர்கள் இருவருக்கும் நடுவில் நடக்கிறேன், எங்கேயாவது பாதை குறுகினால் மட்டும் ஒதுங்குகிறேன். நடப்பதற்கென்று ஷூ வாங்கியாயிற்று. சாக்ஸைத் திருப்பித்தான் போடுகிறேன், அவள் சொன்னது சரிதான், அதை அவளிடம் சொல்லிவிடாதே.

உன்மேல் கோபம் இல்லை கண்ணு, கொஞ்சம் இருக்கிறது, ஆனால் அதைவிட நீ நன்றாக இருப்பது பெரிது. நேரத்துக்குச் சாப்பிடு, கனமான சாமான் தூக்காதே, மாப்பிள்ளையைத் தூக்கச் சொல், அவருக்கும் என் அன்பைச் சொல். இருவரும் நோய் நொடி இல்லாமல் நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு ஒரு ஆசையும் கிடையாது. ஒரே ஒரு வேலை வைத்திருக்கிறேன். தழும்பில் உரசாத மாதிரி மெல்லிய பருத்தியில் கழுத்துப் பட்டை வைத்து உனக்கு நாலு சட்டை தைக்கப் போகிறேன், கழுத்தளவு வேண்டும். நீயே எடுக்காதே, மாப்பிள்ளையை எடுக்கச் சொல், டேப்பைத் தழும்பின் மேல் இறுக்க வேண்டாம், ஒரு விரல் விட்டு எடுக்கட்டும். அந்த அளவைப் போனில் உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே, அது ஏரியையும் அணையையும் சுற்றிவிட்டுத்தான் என்னிடம் வந்து சேரும். வலிக்கிறதா இல்லையா என்பதையும் சேர்த்து எனக்கே எழுது. காகிதத்தில் உன் முகத்தைப் பார்க்க முடியாது, பயப்படாமல் எழுது.

ஆசீர்வாதங்களுடன்,
அப்பா