யாசூர் விளிம்பில்

அன்புள்ளவருக்கு,

பிள்ளைகள் நலம். நேற்று உங்கள் தம்பி யோலுவுக்குக் காய்ச்சல். அதனால் சுற்றுலாக்காரர்களை யாசூர் எரிமலைக்கு நானே ஜீப்பில் அழைத்துப் போனேன்.

விளிம்பில் நின்றபோது மலை பெரிதாக உறுமி, தீக்கற்களை எங்கள் பக்கம் வீசியது. எல்லோரும் ஓடப் பார்த்தார்கள்.

"ஓடாதீங்க! மேல பாருங்க, கல்லு எங்க விழுதுன்னு பாத்து விலகுங்க!" என்று கத்தினேன். யாருக்கும் காயமில்லை.

"யாரும்மா சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார் ஒரு சிட்னிக்காரர்.

"என் வீட்டுக்காரர். உங்க நாட்டுக்குத்தான், குயின்ஸ்லாந்துல தக்காளி பறிக்கப் போயிருக்கார்."

"எப்ப திரும்பி வருவார்?"

"கண்ணுல சாம்பல் விழும், வண்டியில ஏறுங்க" என்றேன்.

அங்கேயே தங்கிவிடப் போவதாகவும், ஜீப்பை விற்றுவிடும்படியும் எழுதியிருந்தீர்கள். விற்கப் போவதில்லை. நாளைக்கும் ஆட்கள் வருகிறார்கள். யோலுவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனாலும் நான்தான் ஓட்டுகிறேன்.

இப்படிக்கு,
பிள்ளைகளின் அம்மா