நாலாவது தந்திக்கு எண்ணெய்

மயிலாப்பூர்
3.6.1974

அன்புள்ள உங்களுக்கு அபயம் நமஸ்காரம் சொல்லி எழுதுவது. உங்கள் அம்மாவும் நானும் சௌக்கியம். வாசிக்கப் போயிருக்கும் சிங்கப்பூர் ஹோட்டலில் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று ஒரு வரி கிடையாது. கிடாரைப் பற்றி மட்டும் மூன்று பக்கம்!

நீங்கள் அனுப்பிய பேஸ் கிடார் தந்திகள் வந்தன. தை மாதம் நீங்கள் திரும்பிவந்து பொன்னுரங்கத்தின் சினிமா ரெக்கார்டிங் குழுவில் உங்கள் நாற்காலியில் உட்காரும்போது எல்லாம் தயாராக இருக்கட்டும் என்று நானே மாட்டினேன். பழையதில் உள்கம்பியின் மேல் தட்டை நாடா சுற்றியிருக்கும். விரல் வழுக்கிக்கொண்டு போகும். இதில் உருண்டைக் கம்பி, தொட்டால் அரம். ஆனால் கிடாரை மர பீரோவில் சாய்த்து ஒரு மீட்டு மீட்டினேன் பாருங்கள், பீரோ முழுக்கப் பாடியது! அத்தனை தாழ்ந்த சுரத்துக்குள் இவ்வளவு வெளிச்சமா? உடம்பு சிலிர்த்துவிட்டது.

விரலை நகர்த்தினால்தான் கீச்சென்று கத்துகிறது. நான் வீணைக்காரி, பழக்க தோஷம், விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டு வாசித்தேன். கீச்சு போயிற்று. நாலு நாளில் வெளிச்சமும் போய்விட்டது. கோபித்துக்கொள்ளாமல் வழி சொல்லுங்கள்.

தங்கள்
அபயம்

சிங்கப்பூர்
19.6.1974

சௌபாக்கியவதி அபயத்துக்கு ஆசீர்வாதம்.

அடி அசடே! சுருளின் இடுக்கில் எண்ணெய் இறங்கினால் தந்தி தாராளமாக அதிராது. கழற்றி வெந்நீரில் கொதிக்கவிடு. துடைத்து நன்றாக உலர்த்து, ஈரம் நின்றால் துரு. இது எவர்சில்வர் சுற்று. நிக்கல் சுற்றியது கொஞ்சம் சாதுவாக இருக்கும், எனக்கு இந்த முரடுதான் பிடிக்கும்.

வயிறு நன்றாக இருக்கிறது, போதுமா? என் நாற்காலியை நினைத்துத்தான் இங்கே நாளைத் தள்ளுகிறேன்.

சங்கரன்

மயிலாப்பூர்
8.9.1974

அன்புள்ள உங்களுக்கு நமஸ்காரம்.

தந்திகளைக் கொதிக்கவிட்டபோது அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி அபயம், அரிசிச் சேவை பண்ணிண்டிருக்கியா?" என்றார். மூன்று தந்திகளுக்கு வெளிச்சம் அப்படியே திரும்பிவிட்டது. நாலாவதை, அந்தப் பருத்த தந்தியை மட்டும் நான் கொதிக்கவிடவில்லை. எண்ணெய் குடித்து அது மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பிபோல் கும்மென்று பேசுகிறது. அதைக் கழுவ மனசு வரவில்லை.

இதற்குள் பொன்னுரங்கம் கிடாரை இரவல் கேட்டு வந்தார். உங்களுக்குப் பதில் வாசித்துக்கொண்டிருந்த பேஸ்காரர் பம்பாய்க்குப் போய்விட்டாராம். சுருதி சேர்ந்திருக்கிறதா என்று வாசித்துக் காட்டினேன். "இன்னாம்மா இது! கிடாரு மட்டும் இன்னாத்துக்கு? வாசிக்கிற கையும் வேணும், வண்டில குந்து" என்றார். போனேன். ரெக்கார்டிங்கில் பாட்டு முடிந்ததும் வயலின்காரர்கள் எல்லாரும் வில்லால் ஸ்டாண்டைத் தட்டினார்கள். தப்பு செய்துவிட்டேன் என்று பயந்தேன். பிறகுதான் அது அவர்களுடைய கைதட்டல் என்று தெரிந்தது.

நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார். தையில் நீங்கள் வருகிறீர்கள் என்றேன். யாராவது ஒருவர்தான், முடிவு செய்து சொல் என்கிறார். மறைப்பானேன், எனக்கு அந்த நாற்காலி வேண்டும் என்றிருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டால் எழுந்துவிடுவேன்.

தங்கள்
அபயம்

சிங்கப்பூர்
2.11.1974

அன்புள்ள அபயம்,

உன் கடிதம் பார்த்து எனக்குக் கோபம். இரண்டு பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். என் கிடார், என் இடம், வீட்டோடு இருந்தவள் எடுத்துக்கொண்டாளே என்றெல்லாம் எழுதியிருந்தேன்.

நேற்று இங்கே வலியுல்லாவின் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரேடியோவில் ஒரு புதுப் பாட்டு வந்தது. முதல் சுரத்திலேயே என் கிடார் என்று தெரிந்தது. இரண்டாவதில், என் கை இல்லை என்று தெரிந்தது. மேல் தந்திகள் பளிச்சென்று ஓட, கீழே அந்த எண்ணெய்த் தந்தி. அதை நீ வீணையில் இழுப்பதுபோல் இழுத்தாய். ஐயோ அபயம்! பத்து வருஷம் வாசித்தேன், அந்த வாத்தியத்துக்குள் இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. பிசைந்த சோறு கையிலேயே காய்ந்துவிட்டது. வலியுல்லா வந்து, "சாப்பாடு சரியில்லையாண்ணே?" என்று கேட்டபோதுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

தையில் வருகிறேன். வேறு குழுவில் இடம் தேடிக்கொள்வேன். ஆனால் என் புத்தி எனக்குத் தெரியும். வந்த பிறகு மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு அந்த நாற்காலியைக் கேட்டாலும் கேட்பேன். நீயும் கொடுத்துவிடுவாய். அதனால் மனசு ஒழுங்காக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். நான் கேட்டாலும் எழுந்திருக்காதே.

உன்
சங்கரன்