வேப்பமரத்தடி வகுப்பு

8 ஜூலை, திங்கள்

ஆம்பூர் வெயில் காலையிலேயே மண்டையைப் பிளக்கிறது. ஏழாம் வகுப்புக்கு வாக்கிய வகைகள். செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி. நான் பி பிரிவு. புதிதாக வந்திருக்கும் டீச்சர் ரேவதி ஏ பிரிவு. என் மகள் ஜெனி படிப்பதும் ஏ-வில்தான். என் போதாத காலம்.

நான் போர்டில் எழுதிப்போட்டேன், பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். ரேவதி தன் பிள்ளைகளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்விட்டாள். ஒரு தடவைக்கு நாலைந்து பேர், ஆளுக்கொரு சொல், அட்டையில் எழுதிக் கழுத்தில். முறையாக வரிசையில் நின்றால் வாக்கியமாம். ஒரே கத்தல், கைதட்டல். என் வகுப்பு முழுக்க ஜன்னல் பக்கம். இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு பிள்ளை கைதட்டியதில்லை.

வாங்க வேண்டியது: இஞ்சி, ரின் சோப்பு, வீட்டுக்காரருக்குத் தைலம்.

9, செவ்வாய்

சாப்பிடும்போது ஜெனி: "எழுவாயக் காணோம்னு பயனிலை அழுவுற மாதிரி மிஸ் நடிச்சிக் காட்டுனாங்கப்பா!" ஷூ கம்பெனி அலுப்பிலும் விழுந்து விழுந்து சிரித்தார் வீட்டுக்காரர். நான் இலக்கணம் பேசினால் கொட்டாவி விடுகிற ஆள்.

வீட்டுப்பாடத்தில் சந்தேகமாம். "இங்க வா, நான் சொல்லித்தர்றேன்."

"வேணாம்மா. நாளைக்கு மிஸ்ஸ கேட்டுக்கறேன்."

பொறாமைதான், வேறென்ன. பெத்தவள் நான், டீச்சர் அவளா?

10, புதன்

சரியான தூக்கமில்லை. முதல் வேலையாக ஹெச்.எம். அறை. "மரத்தடில சத்தம் ஜாஸ்தியா இருக்கு சார். என்னால கிளாஸ் எடுக்க முடில."

"அப்டியா? நாளைலேர்ந்து உள்ளயே எடுக்கச் சொல்லிடறேன்."

மதியம் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டேன். நல்ல ருசி.

சாயங்காலம் ஜெனி குதித்துக்கொண்டு வந்தாள். "நாளைக்கு நான் இன்னா தெரியுமா? பயனிலை!" யூனிஃபார்மைத் தானே இஸ்திரி போட்டாள். காலையில் ஹெச்.எம்.மிடம் தடை வேண்டாமென்று சொல்லிவிடலாம். எந்த முகத்தோடு? போகட்டும், ஒரு விளையாட்டுதானே.

11, வியாழன்

தூறல். துணி காயவில்லை.

ஜெனி பையை மூலையில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். "மரத்தடி கிளாஸ் கேன்சல்மா. எல்லாருக்கும் டர்ன் வந்துட்ச்சி. எனக்குதான் வரல. யாரோ போட்டுக் குடுத்துட்டாங்களாம்."

"யாருன்னு சொன்னாங்களா?"

"எல்லாரும் கேட்டோம். மிஸ் சொல்ல மாட்டேன்னுட்டாங்க. பெல் அடிச்சதும் என்ன மட்டும் கூப்ட்டு, தலையத் தடவிக்குடுத்துட்டுப் போய்ட்டாங்க. ஏம்மா, என்ன மட்டும்?"