போக முப்பத்தெட்டு, வர முப்பத்தெட்டு

ஆகஸ்ட் 11

பழைய மடிக்கணினிகளில் இருந்து பிரித்தெடுத்த செல்களை இன்று அளந்தேன். நூற்றுப் பதினாறு. உருப்படியானவை நாற்பத்தொன்று. பக்கத்து வீட்டு பீரோஷ்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். கேபிள் ஆலையில் முப்பது வருடம் மின்வேலை பார்த்தவள். எதையும் பார்த்துவிட்டுச் சும்மா போகமாட்டாள்.

“என்ன பக்கத்து வீட்டுக்காரரே, குப்பையப் பரப்பி வச்சிருக்கீங்க?”

“சைக்கிளுக்கு மோட்டார் வைக்கப்போறேன்.”

“இத வச்சா? ஒரு செல் செத்தா பக்கத்துல இருக்கறதையும் இழுத்துக்கிட்டுப் போயிடும்.”

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். அடுப்பில் காப்பி இருக்கிறது என்று உள்ளே ஓடிவிட்டாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போதெல்லாம் எனக்கு எதுவும் ஆவதில்லை.

ஆகஸ்ட் 14

மகள் வீடு முப்பத்தெட்டு கிலோமீட்டர். முப்பத்திரண்டு சமவெளி, கடைசி ஆறு மேடு. காரில் முக்கால் மணி நேரம். என் மனைவி ஒலிவேரா விபத்தில் போன நாளிலிருந்து நாலு சக்கரம் உள்ள எதிலும் நான் ஏறுவதில்லை, பேருந்து உட்பட. ஓட்டியது நான். கண் அசந்தது நான். “நிறுத்தி ஒரு காப்பி குடிச்சிட்டுப் போலாமே” என்று கேட்டாள். வீடு பக்கம்தான் என்றேன். இதை மகள் நெவேனாவிடம் நானேதான் சொன்னேன். இரண்டரை வருடமாக அவள் என்னோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 20

மோட்டார். முன் சக்கரத்துக்குள் வைப்பது சுலபம், அரை நாள் வேலை. பீரோஷ்கா விடவில்லை. “சமவெளிக்குச் சரி. மேட்டுல அடுப்பு மாதிரி கொதிச்சிரும். பெடல் அச்சுல மாட்டுங்க, கியரும் சேர்ந்து இழுக்கும்.” சரி என்றேன். அவளோடு வாதாடத் தெம்பில்லை.

ஆகஸ்ட் 29

அச்சைக் கழற்ற நாலு நாள். துரு.

செப்டம்பர் 3

நவம்பர் 8 ‘மித்ரோவ்தான்’ என்னும் திருநாள். மருமகன் மியோத்ராக் வீட்டில் குலப் புனிதரின் நாள். அன்றைக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. தெரிந்தவர்கள் வருவார்கள், வந்தவனைத் திருப்பி அனுப்பும் வழக்கமும் இல்லை. ஆக, போனால் உள்ளே விடுவார்கள். நெவேனா விரும்பி விட்டாளா, வழக்கத்துக்காக விட்டாளா — அதை எப்படித் தெரிந்துகொள்வது? தெரிந்துதான் என்ன செய்யப் போகிறேன்?

செப்டம்பர் 9

பேட்டரிக்காகச் சண்டை. குப்பை செல்களைத் தூக்கிப் போட்டாயிற்று, புதியவைதான். அறுபத்தைந்து செல் போதும் என்கிறாள் பீரோஷ்கா. எனக்குத் தொண்ணூற்றொன்று வேண்டும். போகவும் வரவும் தாங்க வேண்டும்.

“ஆறு கிலோ ஆயிடும்! செங்கல்லக் கட்டிக்கிட்டா போவீங்க? போற எடத்துல சார்ஜ் போடுங்களேன். அந்த வீட்ல கரண்ட் இல்லையா?”

“இருக்கு.”

“அப்புறம் என்ன?”

அன்றைக்கு வருகிறவர்களுக்கு நீட்டும் வேகவைத்த இனிப்புக் கோதுமையில் ஒரு கரண்டியை வாயில் போட்டு, வாழ்த்துச் சொல்லி, உடனே திரும்பிவிட வேண்டும். மகள் வீட்டுச் சுவரில் ஒரு பிளக்கைக்கூட நான் கேட்கக் கூடாது. இதை பீரோஷ்காவிடம் சொல்லவில்லை. அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரி, தொண்ணூற்றொன்னு” என்றாள்.

செப்டம்பர் 17

பீரோஷ்கா செல்களை ஒன்றோடொன்று பற்றவைத்து இணைத்தாள், நான் மின்காப்புத் தாளை ஒட்டினேன். விரலில் சுட்டுக்கொண்டேன். சாயங்காலம் கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

செப்டம்பர் 24

சோதனை. ஆற்றங்கரைச் சாலையில் மேலும் கீழுமாக எண்பது கிலோமீட்டர். இலைகூட அசையவில்லை. வீடு வந்தபோது பேட்டரியில் இன்னும் மிச்சம் இருந்தது. பீரோஷ்கா கை தட்டினாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 19

ஒன்றுமில்லை.

நவம்பர் 7

போகத்தான் வேண்டுமா?

நவம்பர் 9

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

காலை எட்டுக்குக் கிளம்பினேன். மூன்று டிகிரி. ஊர் எல்லையைத் தாண்டியதும் கொஷாவா காற்று நேர் எதிரே நின்றது. இந்த மண்ணில் பிறந்து அறுபத்து மூன்று வருடம் இந்தக் காற்றைத் தின்றவன், காற்றில்லாத செப்டம்பர் நாளில் சோதித்துவிட்டு அதை நம்பியிருக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சிரிக்கும். குளிரில் பேட்டரியும் சுருங்கிப்போயிற்று. இருபதாவது கிலோமீட்டரிலேயே பாதிக்கும் கீழே. திரும்பியிருக்கலாம். திரும்ப மட்டும்தான் மின்சாரம் இருந்தது. நின்றேன். பிறகு போனேன்.

மேட்டில், ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால், செத்துவிட்டது. தள்ளினேன். செங்கல் என்று பீரோஷ்கா சொன்னது சரிதான். தள்ளும்போது அழுதேன். காற்றால் என்று சொல்லிக்கொள்ளலாம். காற்றால் இல்லை. ஒலிவேராவை அடக்கம் செய்த அன்றுகூட நான் அழவில்லை.

மியோத்ராக்தான் கதவைத் திறந்தான். “உள்ள வாங்க மாமா, காத்து வீட்டுக்குள்ள வருது.”

நெவேனா கோதுமைத் தட்டை நீட்டினாள், எல்லோருக்கும் நீட்டுவதுபோல. ஒரு கரண்டி எடுத்தேன். வாழ்த்து சொன்னேன். என் கையைப் பார்த்தாள், நீலம் பாரித்திருந்தது.

“எதுல வந்தீங்க?”

“சைக்கிள்ல. மோட்டார் வச்சது.”

“இந்தக் காத்துலயா? அறிவிருக்கா உங்களுக்கு?” குரல் உடைந்தது. பிறகு, “திரும்பிப் போக சார்ஜ் இருக்கா?”

“இல்லை.”

சார்ஜரை நான் எடுத்து வைக்கவில்லை. பைக்குள் இருந்தது. பீரோஷ்காவின் வேலை. நெவேனாவே அதை வாங்கிப் போய்ச் சமையலறைச் சுவரில் மாட்டினாள். எவ்வளவு நேரம் ஆகும் என்றாள். ஆறு மணி நேரம் என்றேன்.

விருந்தினர் வந்தார்கள், தின்றார்கள், போனார்கள். நான் சமையலறை மூலையில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குச் சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். எழுந்து கோட்டைத் தேடினேன்.

நெவேனா கை துடைத்த துணியை அந்த விளக்கின் மேல் போட்டாள்.

“உக்காருங்க. சூப் ஆறுதுப்பா.”