பட்டியலில் காலியான கட்டம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவின் இருமல்?

பொதுச் சுகாதார மேற்படிப்பில் இப்போது நோய் பரவிய வழியைக் கண்டுபிடிக்கக் கற்கிறோம். பாடம் எங்கள் விடுதிக்கே வந்துவிட்டது. பதினொரு பேருக்கு டைபாய்டு. மூன்றாம் மாடிக் குழாய்த் தண்ணீர்தான் காரணம். அதைக் குடித்தவர்களையெல்லாம் விசாரித்து நான் பட்டியல் போட்டேன்.

"ஏம்மா, கேள்வி கேக்கிறவ தண்ணியே குடிக்க மாட்டாளா?" என்றார் பேராசிரியை. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே என்னைக் கடைசியில் சேர்த்தேன். என் வரிசையில் 'காய்ச்சல் தொடங்கிய நாள்' மட்டும் காலி. மூன்று வாரம் பார்க்க வேண்டுமாம். நான் அந்தத் தண்ணீரைக் கடைசியாகக் குடித்து இன்று ஒன்பதாம் நாள்.

பீரோவிலிருக்கும் நம் தெர்மாமீட்டரை அனுப்புங்கள். இங்கேயும் கிடைக்கும்தான். அம்மாவிடம் படிப்புக்கு என்று சொல்லிவிடுங்கள். அடிக்கடி நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன், அப்பா. என் கைக்கு என் சூடு தெரியவில்லை.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் பெரியவள்